நீர்மட்டம்

கீழக்கரை வேலையை முடித்துக் கிளம்பும்போது
வாலிநோக்கத்திலிருந்து போன்.
மெஷின் சுற்றவில்லை, திரையில் ஏதோ எழுத்து வருகிறது.
போய்ச் சேர்வதற்குள் மூக்கில் உப்பு ஏறிவிட்டது.

ராவியத்து லாத்தா வீடு.
தம்மாமில் இருக்கிற தம்பி வாங்கிக் கொடுத்த
மேல்மூடி மெஷின், ஏழு கிலோ.
பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன்,
திருகாணிகள் துருவாக உதிர்ந்தன.
வடிகட்டியில் மணல், ஒரு பாசிமணி,
கெட்டிப்பட்ட உப்பு.
நகத்தால் சுரண்டினால் பல் கூசுகிறது.

பழுது எதுவும் இல்லை.
தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான்.
நாற்பத்தைந்து லிட்டர் கேட்கிறது, அதையும் மூன்று தடவை.
லாத்தா ஊற்றியது ஒரு குடம்.

“லாரித் தண்ணி குடம் பன்னெண்டு ரூவா.
இது கேக்குறதக் குடுத்தா ஒம்போது குடம்.
உப்பளத்துல மச்சானுக்கு என்ன கூலின்னு
இதுக்குத் தெரியுமா?”

போர்த் தண்ணியில் அலசினால்
சோப்பு நுரைக்காது, தயிராய்த் திரியும்.
ஆகவே உப்பளத்துச் சட்டைகள் போர்த் தண்ணியில், கையால்.
பிள்ளையின் சீருடைக்கும் தொழுகைத் துப்பட்டிக்கும் மட்டும்
நல்ல தண்ணி, மெஷின்.
வடிந்து வருவது வாளிக்கு,
வாளியிலிருந்து மிதியடிக்கு, அப்புறம் கக்கூசுக்கு.

“அந்த அளவு பாக்குறத மட்டும் கொஞ்சம்
ஏமாத்த முடியுமா தம்பி?”

வாரண்டி என்றேன். கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றேன்.
லாத்தா ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

வித்தை எனக்குத் தெரியும்.
தொட்டியின் அடியிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குழல்
மேலே ஏறி ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது.
தண்ணீர் உயர்ந்தால் குழலுக்குள் காற்று அழுந்தும்.
அந்த அழுத்தத்தைத்தான் மெஷின்
தண்ணீர் என்று படிக்கிறது.
தண்ணீரை அது ஒருநாளும் பார்த்ததில்லை.

குழலைக் கழற்றி வாயில் வைத்து
லேசாக ஊதினேன்.
மடித்து ஒரு கிளிப் போட்டேன்.
டக்.
நிறைந்துவிட்டது என்று நம்பிச்
சுற்றத் தொடங்கியது,
ஒரு குடத்தில் ஆறு உருப்படி.

‘வடிக்கும்போது கிளிப்பை எடுத்துவிடுங்கள்.
இல்லாவிட்டால் இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று
இல்லாத தண்ணீரை வடித்துக்கொண்டே நிற்கும்.’

லாத்தா சிரித்தார்.
“எங்க தெருக் குழாயும் இதே கதைதான்.
காவேரி வருதுன்னு தொறப்போம்,
உஸ்ஸுன்னு காத்து ஊதும்.
நாங்களும் நம்பித்தான்
வரிசையில குடத்த வச்சிருக்கோம்.”

காலையில் கீழக்கரையில் பார்த்த வீடு வேறு.
உலர்த்துவதற்கென்றே தனி மெஷின்.
மொட்டைமாடி வெயிலில் வெறுமனே காய்கிறது,
துணி தொங்கினால் எடுப்பாயில்லையாம்.
மீட்டரில் சிவப்புப் பொட்டு
விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.
பில் பதினோராயிரம், மெஷினில்தான் கோளாறு
என்றார் செய்னுலாப்தீன் காக்கா.
கோளாறு இல்லை என்றேன்.
என்னை நம்பவில்லை. கட்டணம் மட்டும் கொடுத்தார்.

இங்கே இரண்டு பனங்கட்டைகளுக்கு நடுவே நைலான் வலைக்கயிறு.
கச்சான் அடிக்கிற மாசம், முக்கால் மணி நேரம் போதும்.
அசர் பாங்குக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.
தவறினால் கடல்காற்று திரும்பி வந்து
துணியைப் பிசுபிசுவென்று ஆக்கி
கொடுத்த வெயிலை வாங்கிக்கொண்டு போய்விடும்.

கை கழுவ வாளித் தண்ணீர்.
நுரை கொஞ்சம் மிச்சமிருந்தது, கிரீஸ் போயிற்று.
குடிக்க ஒரு டம்ளர் நல்ல தண்ணி.
பாதியில் கீழே வைத்தேன்.
லாத்தா டம்ளரைப் பார்த்தார்.
மீதியையும் குடித்தேன்.

பில் புத்தகத்தில், கோளாறு என்ற இடத்தில்
நீர்மட்டம் என்று எழுதினேன்.
செய்த வேலை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து யோசித்தேன்,
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

குழாய் சீறியதில் நனைந்த சட்டை
சிக்கல் விலக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது.
முதுகில் உப்பு
வெள்ளைக் கோடாக நிற்கிறது என்று
பெட்ரோல் பங்கில் பையன் சொன்னான்.